நண்டும் மட்டியும் உண்போர் அறிய வேண்டுவன

சம்பள நாளை அடுத்து வரும் ஓய்வுநாளில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களின் கடைவீதிகளிலே தோட்டத்து மக்கள் திரளாகக் கூடுவது வழக்கம். அரிசி, மா, பருப்பு ஆகியவற்றை வாங்கிய பின்னர், கருவாட்டுக் கடையின் முன் நில்லாது செல்லும் குடும்பத் தலைவியர் சிலரே. நெத்தலியும் கூனி இறாலும் அங்கே குவிந்திருக்கும். நீர்கொழும்பு, சிலாபம், திருகோணமலை முதலிய கரையோரப் பட்டினங்களிலிருந்து பனிக்கட்டியில் இட்டுக் கொணரப்பட்ட கணவாயும் நண்டும் மீன்கடையில் இருக்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பிள்ளைகள் ஓடையிற் பிடித்த சிறு நண்டுகளும் சில வேளைகளிற் சட்டியை வந்து சேரும்.

இவையாவும் நல்லுணவுகளே. புரதம், இரும்பு, நாகம், அயடீன் ஆகிய சத்துகள் இவற்றில் உண்டு. ஆயினும், மட்டி, சிப்பி, இறால், நண்டு ஆகிய ஓட்டுயிர்கள் தாம் வாழும் நீரின் தன்மையைத் தம் உடலிலே சுமப்பவை. நீர் தூய்மையாயின் அவையும் தூயவை. நீரிலே பார உலோகம் கலந்திருப்பின் அதனைத் தம்முள் திரட்டி, உண்பவரின் உடலுக்கு மாற்றிவிடும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. இவ்வியல்பை அறிந்து உண்பது எவ்வாறு, மலைநாட்டிலிருந்து அந்நஞ்சு நீரிற் சேராமற் காப்பது எவ்வாறு என்பன இங்கே விளக்கப்படுகின்றன.

பார உலோகங்கள் யாவை?

பாதரசம், ஈயம், கட்மியம் ஆகிய மூன்றும் பார உலோகங்களுள் மிகக் கொடியவை. மின்கலம், சாயம், வெப்பமானி, மின்குழாய் விளக்கு, உலோக முலாம் முதலியவற்றில் இவை பயன்படுகின்றன. அல்லது முன்னாளிற் பயன்பட்டன. கிருமி இறக்கும், பூச்சிமருந்துகளிற் பல நாளடைவிற் சிதையும், உலோகமோ அழிவதில்லை. மண்ணிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து சேற்றுக்கும், சேற்றிலிருந்து உயிருக்கும் இடம் மாறுவதன்றி அதற்கு முடிவு இல்லை.

இம்மூன்றும் உடலைத் தாக்கும் வகை வெவ்வேறானது. மெதைல் பாதரசம் எனப்படும் பாதரசச் சேர்வை மூளையையும் நரம்புகளையும் கெடுப்பது. கருப்பையில் உள்ள சிசுவையும் சென்றடைவது. ஈயம் வளரும் பிள்ளையின் அறிவாற்றலைக் குறைப்பது. அதற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உடலிற் புகுந்த ஈயம் எலும்பிலே தங்கி, தாய் கருவுற்றிருக்கும் காலத்தில் மீண்டும் இரத்தத்திற் கலப்பதும் உண்டு. கட்மியம் சிறுநீரகத்திற் சேர்வது. அங்கே சேர்ந்ததிற் பாதி வெளியேறுவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் வரை செல்லும். ஆதலின் இன்று உண்ட சிறு அளவு இன்றோடு தீர்வதில்லை. நாளை உண்பதனோடு கூடிக் கணக்கேறும்.

ஓட்டுயிர்கள் உலோகத்தைத் திரட்டுவது ஏன்?

மட்டியும் சிப்பியும் இரை தேடி ஓடுவதில்லை. இருந்த இடத்தில் இருந்தவாறே நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் துகள்களையும் வடித்து உண்டு, நீரை வெளியே விடுகின்றன. ஒரு சிப்பி ஒரு நாளில் வடிக்கும் நீர் பல வாளிகளை நிரப்பும். நீரில் மிகச் சிறிதளவாக இருக்கும் உலோகமும் இவ்வாறு நாள்தோறும் வடிகட்டப்பட்டு அதன் தசையிலே தங்கிவிடும். இக்காரணத்தால் கடலின் மாசை அளப்பதற்கே சிப்பிகளைப் பயன்படுத்தும் முறை உலகில் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1986 முதல் கரையோரங்களிலே சிப்பி, மட்டிகளைச் சேகரித்து, அவற்றின் தசையிலுள்ள உலோகங்களை அளந்து கடலின் நிலையை மதிப்பிட்டு வந்தனர்.

நண்டும் இறாலும் அடிச் சேற்றை அளைந்து உண்பவை. நீரிற் கலந்த உலோகத்தின் பெரும் பகுதி அச்சேற்றிலேயே படிகின்றது. நண்டு அதனை உண்ணும்போது கட்மியம் முதலியன அதன் ஈரலும் கணையமும் ஒன்றாயமைந்த மஞ்சள் அல்லது பழுப்பு நிறமான மென்பகுதியிலே திரள்கின்றன. கால்களிலும் கொடுக்குகளிலும் உள்ள வெண்ணிறத் தசையில் அவை மிகக் குறைவு. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இதன் பயன் பின்னர் கூறப்படும்.

மினமாட்டா கற்பித்த பாடம்

யப்பான் நாட்டின் கியூசூ தீவிலே, குமமோட்டோ மாகாணத்தில் மினமாட்டா என்னும் கரையோர ஊர் உள்ளது. அவ்வூரிலிருந்த சிசோ நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை பாதரசத்தைப் பயன்படுத்தி ஒரு பொருளை உற்பத்தி செய்தது. அவ்வேலையின்போது உண்டான மெதைல் பாதரசம் கழிவுநீரோடு குடாவிற் கலந்தது. குடாவின் மீனும் மட்டியும் சிப்பியும் அதனைத் தம்முள் திரட்டின. அவற்றையே நாளாந்த உணவாகக் கொண்டவர்கள் அக்கரையின் ஏழை மீனவக் குடும்பத்தினர்.

முதலில் ஊர்ப் பூனைகள் தள்ளாடிச் சுழன்று விழுந்து மடிந்தன. பின்னர் சிறு பிள்ளைகள் நடக்கவும் பேசவும் இயலாது வலிப்புற்றனர். 1956 மே 1 ஆம் நாள், காரணம் அறியாத நரம்பு நோய் ஒன்று பரவியுள்ளதென அத்தொழிற்சாலையின் மருத்துவமனை சுகாதார நிலையத்துக்கு அறிவித்தது. 1959 இல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் பாதரசமே காரணம் எனக் கூறினர். ஆயினும் அரசாங்கம் அதனை உறுதியாக ஏற்றது 1968 இலேயே. இடைப்பட்ட ஆண்டுகளிற் கழிவு கடலிற் கலந்துகொண்டே இருந்தது. நோயாளரென அரசு ஏற்றுக்கொண்டவர் மட்டும் 2,200 பேருக்கு மேற்பட்டவர்.

அங்கே கண்ட கொடுமைகளுள் தாய்மார் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நோய்க்குறி பெரிதும் தோன்றாத தாய்மாருக்கும் கடும் நரம்புக் குறைபாடுடைய பிள்ளைகள் பிறந்தனர். தாய் உண்ட நஞ்சைக் கருப்பையில் இருந்த சிசு ஏற்றுக்கொண்டது. நஞ்சு சிசுவை அணுகாதவாறு தாயின் உடல் தடுத்துவிடும் என்று மருத்துவர் அக்காலத்தில் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் பிழையென மினமாட்டா காட்டியது.

குடாவின் மீன் வெளியே செல்லாதவாறு 1974 இல் வலையிடப்பட்டது. நஞ்சேறிய சேற்றை அகழ்ந்தெடுத்து, குடாவில் 58 ஹெக்டேயர் பரப்பை நிரப்பினர். மீனும் மட்டியும் தீங்கற்றவை என 1997 இல் அறிவித்த பின்னரே வலை அகற்றப்பட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013 இல் ஏற்கப்பட்டபோது மினமாட்டாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் இணைந்துள்ளது.

மலைநாட்டுக்கு இதனால் ஆவதென்ன?

கடல் தொலைவில் உள்ளது. மலைநாட்டுக்கு இவ்வச்சம் ஏன் என்று சிலர் கருதக்கூடும். தமிழ்நாட்டின் கொடைக்கானல் இதற்கு விடை தரும். ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்தில், குளிரும் ஏரியும் சோலையும் உடைய அவ்வூர் நுவரெலியாவைப் பெரிதும் ஒத்தது. அங்கே 1980 களில் நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருட் கடையில் விற்கப்பட்டமை வெளிப்பட்டதன் பின்னர் 2001 இல் மூடப்பட்டது. ஊரின் பாசிகளிலும் ஏரி மீன்களிலும் பாதரசம் சேர்ந்திருந்ததை 2006 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. உயர்ந்த மலையும் குளிர்ந்த ஏரியும் உலோகத்துக்கு அரண் ஆவதில்லை.

தாய்வானில் 1986 இல் வேறொரு நிகழ்ச்சி நேர்ந்தது. பழைய உலோகப் பொருட்களை அமிலத்திற் கழுவிச் செப்பைப் பிரித்தெடுத்தோர் அக்கழிவை ஆற்றில் விட்டனர். ஆற்று முகத்துவாரத்திலே வளர்க்கப்பட்ட சிப்பிகள் பச்சை நிறமாயின. சிப்பியின் நிறமே மாறியமையால் மக்கள் அதனை அறிந்தனர். ஈயமும் கட்மியமும் பாதரசமும் சேர்ந்தாலோ நிறம், மணம், சுவை எதுவும் மாறுவதில்லை.

மலைநாட்டின் ஓடைகள் எங்கே செல்கின்றன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தலவாக்கலை வழியே செல்லும் கொத்மலை ஓயா மகாவலியிற் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அடைகின்றது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கெஹெல்கமு ஓயாவும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகிக் கொழும்புக்கு வடக்கே கடலிற் சேர்கின்றன. அவ்வழியில் எத்தனையோ ஊர்களின் குடிநீரும் அவ்வாறுகளே. லயத்தின் பின்னுள்ள கானில் எறியப்பட்ட பழைய மின்கலம் ஒன்றின் உலோகம் மழைநீரோடு இறங்கத் தொடங்கினால், அதன் முன் உள்ள பாதை கடல்வரை நீண்டது. அக்கடலின் இறாலே காய்ந்து கூனியாகி மீண்டும் மலையேறி வருகின்றது.

தேயிலைச் செய்கையில் ஒரு தனிக் கவனமும் தேவை. 1946 இல் இலங்கைத் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றிய காலந்தொட்டுச் செப்பு கலந்த மருந்துகள் அதற்குத் தெளிக்கப்பட்டு வருகின்றன. செப்பு, பாதரசத்தையோ கட்மியத்தையோ போல மனிதருக்குக் கொடியதன்று. ஆயினும் நத்தை, நண்டு, மீன்குஞ்சு ஆகியவற்றுக்குச் சிறு அளவும் கேடு செய்வது. மருந்தடிக்கும் கருவியை ஓடையிற் கழுவும் வழக்கம் ஓடையின் உயிர்களையே அழிப்பதாகும்.

ஓடை நண்டு இரசம்

தடிமனுக்கும் நெஞ்சுச் சளிக்கும் சிறு நண்டுகளை இடித்து, மிளகும் பூண்டும் சேர்த்து இரசம் வைத்தல் தமிழர் இல்லங்களிலே நெடுங்கால வழக்கம். பிள்ளைகளுக்கும் பிள்ளைபெற்ற பெண்களுக்கும் இதனைக் கொடுப்பர். நண்டை முழுமையாக இடிக்கும்போது உலோகம் திரளும் அந்த மஞ்சள் மென்பகுதியும் சாற்றிற் கலந்துவிடுகின்றது. மலைநாட்டு ஓடை நண்டு யாவும் நஞ்சுடையது என்பது இதன் பொருளன்று. காட்டிலிருந்து இறங்கும் தூய ஓடைக்கும், கடைவீதியின் கழிவும் வாகனத் திருத்தகத்தின் எண்ணெயும் மின்கலத் துண்டும் வந்து சேரும் ஓடைக்கும் வேறுபாடு உண்டு; பின்னதன் நண்டை எவருக்கும் கொடுத்தலாகாது. தூய ஓடையின் நண்டாயினும், ஓட்டைத் திறந்து உள்ளுறுப்புகளையும் பூவையும் நீக்கி, நன்கு கழுவிய பின்னரே இடித்தல் வேண்டும். நன்கு கொதிக்க வைத்தலும் தேவை. அரைவேக்காட்டு நண்டினால் நுரையீரலைப் பற்றும் புழுநோய் வருதலும் உண்டு.

மேலும், இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் ஏறக்குறைய 50. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. பல இனங்கள் அருகி வருகின்றன. சளிக்கு மிளகும் பூண்டும் இஞ்சியும் கொத்தமல்லியும் இட்ட இரசமே போதுமாயின், ஓடை நண்டை விட்டுவிடுதல் இருவகையிலும் நன்று.

சமையல் உலோகத்தை நீக்குமா?

நீக்காது. கொதிநீர் கிருமியைக் கொல்லும், உலோகத்தைக் கொல்லாது. மஞ்சளும் புளியும் கொறுக்காயும் கவிச்சையைப் போக்கும், கட்மியத்தைப் போக்கா. மட்டியை நீரில் இட்டுவைத்தால் மணல் கழியும். தசையில் ஊறிய உலோகம் கழியாது. வெயிலில் உலர்த்தும்போது நீர் மட்டும் வற்றி, எஞ்சிய பொருளில் உலோகத்தின் செறிவு மிகும். ஆயினும் கூனி இறால் சம்பலுக்கும் கறிக்கும் சிறு அளவிலேயே இடப்படுவதால், அளவோடு உண்போர் அஞ்சத் தேவையில்லை.

நண்டை உள்ளுறுப்போடு முழுமையாக அவித்தால் அதன் உள்ளிருக்கும் உலோகத்திற் சிறிது அவித்த நீரிற் கலக்கும். அந்நீரைக் குழம்பாகவோ சூப்பாகவோ பயன்படுத்தாது கொட்டிவிடுதல் நன்று.

ஐரோப்பிய ஒன்றியம் ஈரோட்டு மட்டி, சிப்பிகளில் 1 கிலோகிராமுக்கு ஈயம் 1.5 மில்லிகிராம், கட்மியம் 1 மில்லிகிராம் என எல்லை விதித்துள்ளது. இறால், நண்டின் வெண்தசைக்கு இரண்டிலும் 0.5 மில்லிகிராமே எல்லை. ஏற்றுமதியாகும் இலங்கை இறாலும் நண்டும் இவ்வெல்லைக்கு உட்பட்டனவாதல் வேண்டும். கரையோரத்திலே தாமே பொறுக்கியதோ வழியில் வாங்கியதோ ஆன மட்டிக்கு இத்தகைய சோதனை இல்லை. அது எந்த நீரிலிருந்து வந்தது என்னும் கேள்வியே வாங்குபவரின் கையிலுள்ள ஒரே சோதனை.

இரத்தசோகையும் கட்மியமும்

தோட்டத்துப் பெண்களின் நலனில் அக்கறையுடையோர் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உடலில் இரும்புச்சத்துக் குறைந்தவிடத்து, குடல் உணவிலிருந்து இரும்பை மிகுதியாக இழுக்க முயல்கின்றது. அவ்வேளையில் இரும்போடு கட்மியத்தையும் ஈயத்தையும் வழக்கத்தினும் கூடுதலாக ஏற்றுக்கொள்கின்றது. ஆகவே, ஒரே சட்டியிலிருந்து ஒரே அளவு உண்ட இருவருள் இரத்தசோகையுடைய பெண்ணுக்கே தீங்கு மிகுதி. கொழுந்து பறிக்கும் பெண்களிடையே இரத்தசோகை நெடுங்காலமாகக் காணப்படும் குறை என்பதை யாவரும் அறிவர்.

இதற்கு மருந்து பெரும்பாலும் சமையலறையிலேயே உள்ளது. உணவோடு சேர்த்துச் சாயத் தேநீர் அருந்தினால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிற் சேரவிடாது. உணவு உண்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்துதல் வேண்டும். கீரை, பருப்பு, பயறு ஆகியவற்றைத் தேசிக்காய்ச் சாறு, கொய்யா, நெல்லி ஆகியவற்றோடு உண்டால் இரும்பு நன்கு சேரும். கருவுற்ற பெண்கள் மருத்துவிச்சி தரும் இரும்பு மாத்திரைகளை ஒதுக்காது உட்கொள்ளல் வேண்டும். இரும்பு நிறைந்த உடலிற் கட்மியத்துக்கு இடம் குறைவு.

செய்யத்தக்கன

1. மட்டி, சிப்பி, நண்டு ஆகியவற்றை வாங்கும்போது எவ்விடத்தில் பிடிக்கப்பட்டவை என்று கேட்டறிதல் வேண்டும். துறைமுகம், தொழிற்சாலைக் கழிவுக்கால், நகரக் கால்வாய் ஆகியவற்றின் அருகே எடுத்தவற்றைத் தவிர்க்க.

2. நண்டின் மஞ்சள் அல்லது பழுப்பு மென்பகுதியை நீக்கி, வெண்தசையை மட்டும் உண்க. பிள்ளைகளுக்கும் கருவுற்றோருக்கும் இஃது இன்றியமையாதது. பெரிய இறாலின் தலையையும் குடலையும் களைக.

3. ஒரே வகையை நாள்தோறும் உண்ணாது மாற்றி உண்க. நெத்தலி, சாளை போன்ற சிறு மீன்கள் குறுகிய ஆயுள் உடையவை. அவற்றிற் பாதரசம் குறைவு. சுறா, கொப்பரை போன்ற பெரு மீன்களைக் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் தவிர்த்தல் நன்று.

4. சிறுநீரக நோயுடையோர் மட்டி, நண்டு, கணவாய் ஆகியவற்றை வைத்திய அதிகாரியின் ஆலோசனைப்படியே உண்ணல் வேண்டும்.

5. பழைய மின்கலம், உடைந்த மின்குழாய் விளக்கு, வெப்பமானி, சாயத் தகரம் ஆகியவற்றைக் கானிலோ ஓடையிலோ எறியாதீர்கள், எரிக்கவும் வேண்டா. மூடியுள்ள கலத்தில் தனியே சேர்த்து, உள்ளூராட்சிச் சபையின் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க. வாகன மின்கலத்தை லயத்தின் அருகே உடைத்து ஈயம் எடுப்பதை ஒருபோதும் அனுமதித்தலாகாது.

6. மருந்தடிக்கும் கருவிகளை ஓடை, பீலி, கிணறு ஆகியவற்றின் அருகிற் கழுவாது, நீர்வழிக்கு எட்டாத நிலத்திலே கழுவி, அந்நீரைத் தேயிலை நிரையிலேயே விடுக. மருந்து இருந்த வெற்றுக் கலன்களிற் குடிநீரோ உணவோ வைத்தலாகாது.

7. ஓடையில் மீனோ நண்டோ திரளாக இறந்து மிதப்பின் அவற்றை எடுத்துச் சமைக்காதீர்கள். தோட்ட நிருவாகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவிக்க.

அச்சமன்று, அறிவே காவல்

2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. நைத்திரிக் அமிலமும் பிளாத்திக்குச் சிறுமணிகளும் பிற இரசாயனங்களும் கடலிற் கலந்தன. அந்நாட்களிற் பலர் கடலுணவு முழுவதையும் அஞ்சி விலக்கினர்; மீனவக் குடும்பங்கள் வருவாய் இழந்து வாடின. சில மாதங்களில் அச்சம் தணிய, கேள்வி எதுவும் கேளாது வாங்கும் பழக்கம் மீண்டும் திரும்பியது. முழுதும் விலக்குதலும் ஒன்றும் கேளாது உண்ணுதலும் ஆகிய இரண்டும் நன்மை தருவன அல்ல.

நல்ல நீரிலிருந்து வந்த மீனும் இறாலும் தோட்டத்துப் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு வேண்டிய உணவு. அதனை அச்சத்தால் இழத்தல் கூடாது. வாங்குமுன் ஒரு கேள்வி, சமைக்குமுன் ஒரு கவனம், கழிவை எறியுமுன் ஒரு சிந்தனை ஆகிய மூன்றும் செலவில்லாதவை. ஆறு பிறக்கும் இடத்தில் வாழ்வோர் மலைநாட்டு மக்கள். அவர்கள் தூய்மையாக விடும் நீரே கீழே உள்ளோரின் குடிநீரும், கடலிலே மட்டியும் இறாலும் வளரும் நீரும் ஆகும். அந்நீரைக் காத்தல் அயலாருக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. தம் பிள்ளையின் சோற்றுக் கோப்பையைக் காத்தலும் ஆகும்.